கிள்ளானில் என் கடிதத்தைப் பாடினார்கள்

சனிக்கிழமை, காலை 6.40. சுபாங் விமான நிலையம்.

நாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்குப் பேருந்தில் ஒன்பது மணி நேரம். சென்னையிலிருந்து சுபாங்குக்கு விமானத்தில் நான்கு மணி நேரம்தான். 1979இல் இதே கடலை நான் கப்பலில் கடந்தேன். அப்போது எனக்கு வயது ஐம்பத்தைந்து. கோலாலம்பூரில் ரயில்வே கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்தேன். இப்போது எழுபத்திரண்டு. ஊரில் கேட்டவர்களிடம், மனைவியின் தங்கை வீட்டில் ஒரு ஞானஸ்நானம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பொய்யில்லை. ஆனால் அதற்காக மட்டும் வரவில்லை.

மனைவியின் தங்கை வீடு இருக்கும் சாலாக் செலாத்தானுக்கு டாக்சி இருபத்தைந்து வெள்ளி. நம் கணக்கில் முந்நூற்று ஐம்பது ரூபாய். ஓட்டுநர் தமிழர்.

"அங்கிள் மொதோ தடவையா வரீங்க?"

"இல்லை தம்பி. இருபத்தெட்டு வருஷம் பிரிக்ஃபீல்ட்ஸ்ல இருந்தவன்."

"அப்பறம் ஏன் போனீங்க? இங்கயே இருந்திருக்கலாம்லா."

சன்னல் வழியே பார்த்தேன். நான் விட்டுப்போன ஊர் இது இல்லை. ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் வரிசை வரிசையாக மாடிக் குடியிருப்புகள். நகரின் நடுவே எலும்பு எலும்பாக எழும்பிக்கொண்டிருந்த இரண்டு கோபுரங்களைக் காட்டி, உலகத்திலேயே உயரமானவை இவைதான் என்றார் அவர், தாமே கட்டியதுபோல.

காலை 11.00. பெட்டாலிங் தெரு.

ஸ்டெல்லா என் மனைவியின் தங்கை மகள். இருபத்து நான்கு வயது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு நகலெடுக்கும் கடையில் வேலை செய்கிறாள். தொளதொளத்த கால்சட்டையும் கணுக்காலை மூடும் சிவப்புச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, "பெரியப்பா, மியூசியம் கிழவங்களுக்கு. நான் ஊரக் காட்றேன், வாங்க" என்று இழுத்துக்கொண்டு போனாள். (காலணியை இங்கே சப்பாத்து என்றுதான் சொல்வார்கள்.) ரோஜா நிற மினி பஸ்ஸில் அறுபது காசு. நடத்துனர் கதவில் தொங்கிக்கொண்டு நிறுத்தங்களின் பெயரை ஏலம் விடுவதுபோலக் கூவினார்.

பெட்டாலிங் தெருவின் இருபுறமும் சப்பாத்து மலைகள். உலகப் புகழ் பெற்ற எல்லாச் சின்னங்களும் இருந்தன. எதுவும் அதுவாக இல்லை. ஒன்றில் சரி போடும் குறி தலைகீழாக நின்றது. மூன்று பட்டை இருக்கவேண்டிய இன்னொன்றில் நான்கு பட்டை. நான் அதைச் சுட்டிக் காட்டியதும் சீனக் கடைக்காரர் கொச்சைத் தமிழில், "பாஸ், ஒன்னு ஃப்ரீ லா" என்றார். பக்கத்துக் கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குப் பத்து வயது குறைந்தது.

அங்கிருந்து சென்ட்ரல் மார்க்கெட் நடக்கும் தூரம். முன்பு மீனும் கறியும் விற்ற கட்டடம், இப்போது கைவினைப் பொருட்களின் கூடம். வெளியே ஆற்றோரத்து முற்றத்தில் அட்டைப் பெட்டிகளைப் பிரித்து விரித்து, ஓர் இளைஞர் தலையை ஊன்றிப் பம்பரம்போலச் சுற்றினார். பக்கத்தில் எட்டு பேட்டரி போட்ட டேப் ரெக்கார்டர் அதிர்ந்தது. சக்கரப் பலகையில் வந்த இன்னொருவர் மூன்று படிகளைத் தாவி இறங்கினார். தாவும்போது அவர் சப்பாத்தின் அடி, செருப்புத் தைப்பவரும் கைவிட்டிருக்கக்கூடிய நிலையில் இருந்ததைப் பார்த்தேன்.

தலைமுடியைச் சேவல் கொண்டையாக நிறுத்தி, சட்டை முழுக்க ஊக்கு குத்தியிருந்த மலாய் இளைஞர் ஒருவர் படிக்கட்டில் காகிதப் பத்திரிகைகள் பரப்பியிருந்தார். நகலெடுத்துப் பின் அடித்தவை, இரண்டு வெள்ளி. என்னைக் கண்டதும் எழுந்து, "டுடுக், பக்சிக்" என்று பெரியவரை உட்காரச் சொல்லி இடம் கொடுத்தார். ஊக்குகளைப் பார்த்து நான் பயந்திருந்தேன். என் சொந்த ஊரில் பேருந்தில்கூட எனக்கு இவ்வளவு சீக்கிரம் இடம் கிடைத்ததில்லை. கடைகளில் கிடைக்காத ஒலிநாடாக்களை இந்த இளைஞர்கள் சுரபாயாவுக்கும் மணிலாவுக்கும் தபாலில் அனுப்பி, அங்கிருந்து வேறு நாடாக்களைப் பெறுகிறார்களாம். சிலவற்றைக் கப்பல்காரர்கள் கையோடு கொண்டுவருகிறார்கள். துறைமுகத்துக்குத் துறைமுகம் பாட்டு பண்டமாற்று. நாகப்பட்டினத்துக்காரனுக்கு இது புரியாதா?

அங்கேதான் என் இடது காலணி வாயைப் பிளந்தது. சபைக்கு என்று வைத்திருந்த தோல் காலணி.

"இங்க வாங்க வேணாம், ஒரு மாசம் தாங்காது. நாளைக்கு கிள்ளான்ல குணா அண்ணன் கடைக்குப் போவோம்" என்றாள் ஸ்டெல்லா.

"எந்தக் குணா?" என்று கேட்டேன். எனக்குத் தெரியும். வந்ததே அந்தப் பெயரைத் தேடித்தான்.

"ஒங்க பழைய குவார்ட்டர்ஸ் ஆளுதான். டிரம்ஸ் அடிப்பாரு."

மாலை 4.00. பிரிக்ஃபீல்ட்ஸ்.

வாசகர்களுக்கு இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1977இல் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குணசேகரன் என்ற பத்தொன்பது வயதுப் பையன் தன் நண்பன் ரவியோடு ஓர் இசைக்குழு வைத்திருந்தான். குணா டிரம்ஸ், ரவி கிட்டார். தினமும் மாலை ஆறு மணிக்குத் தொடங்குவார்கள். சத்தம் தாங்காத அண்டை வீட்டார் என்னிடம் வந்தார்கள். வரிசையில் இங்கிலீஷ் மனு எழுதத் தெரிந்தவன் நான்தான். தட்டச்சுப் பொறியும் என்னிடம்தான் இருந்தது. நான்கு பத்தி எழுதினேன்: என்ன சத்தம், எத்தனை மணி வரை, யாருக்கு என்ன தொல்லை. படித்துப் பார்த்தபோது மனு லேசாக இருப்பதாகத் தோன்றியது. கனம் சேர்க்க ஐந்தாவது பத்தி ஒன்று அடித்தேன். 'இட் இஸ் ரிலையப்ளி லேர்ன்ட்' என்று தொடங்கும் அது. மேற்படி இளைஞர்கள் கஞ்சாவுக்கு அடிமையானவர்கள் என்று நம்பத்தகுந்த வகையில் தெரியவருகிறது.

யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. நானும் பார்க்கவில்லை. அந்த வாக்கியத்தின் ஓசை எனக்குப் பிடித்திருந்தது.

பதினொரு பேர் கையெழுத்திட்டார்கள்; மனு போலீஸுக்குப் போனது. பாதிப் பேருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. நான் கையெழுத்துப் போடவில்லை. மனு எழுதிக் கொடுப்பவர் போடுவதில்லை என்பது எங்கள் வழக்கம், எனக்கு வசதியான வழக்கம். குணாவைப் போலீஸ் கூட்டிப்போய் மூன்று நாள் வைத்திருந்து, ஒன்றும் கிடைக்காமல் விட்டது. பட்டறையில் கிடைத்திருந்த பயிற்சி வேலை போயிற்று. அவன் அப்பா வீட்டைக் காலி செய்தார். இரண்டு வருடம் கழித்து நான் ஓய்வு பெற்று, மாலை மரியாதையோடு கப்பலேறினேன்.

இனி நகலெடுக்கும் கடைக்கு வருகிறேன். ஸ்டெல்லாவுக்கு அன்று மாலை ஒரு வேலை பாக்கியிருந்தது. ஞாயிறு வெளியாகும் ஒலிநாடாவுக்கு நூறு அட்டைகள் எடுக்கவேண்டும். மாதிரித் தாளை அவள் வைத்து மூட, இயந்திரம் பச்சை ஒளியை ஓடவிட்டது. முதல் நகல் சூடாக வெளியே வந்தது. எடுத்துப் பார்த்தேன்.

என் கடிதம். கடைசிப் பக்கத்தின் கீழ்ப்பாதி: ஐந்தாவது பத்தியும் பதினொரு கையெழுத்தும். என் பொறியில் 't' எழுத்து எப்போதும் அரை நூல் மேலே ஏறி நிற்கும். இங்கேயும் ஏறி நின்றது. அதன்மேல் சாய்வாக, சுவரில் மை தெளித்ததுபோல, தமிழில் ஒரு பெயர்: 'பெட்டிஷன்'.

"நல்லா இருக்குல்ல?" என்றாள் ஸ்டெல்லா. "கேஸ் இல்லைன்னதும் போலீஸ்ல திருப்பிக் குடுத்தாங்களாம், குணா அண்ணன் அப்பா பத்தரமா வச்சிருந்தாராம். மொத பாட்டே இதுதான்."

இயந்திரம் ஒவ்வொன்றாகத் துப்பிக்கொண்டே இருந்தது. நூறு வரை நின்று பார்த்தேன்.

ஞாயிறு, பகல் 12.20. கிள்ளான் ரயில்.

சபையில் ஞானஸ்நானம் முடிந்து, பிரியாணி சாப்பிட்டு, கோலாலம்பூர் நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறினோம். குளிரூட்டிய மின்சார ரயில். கதவுகள் தாமாகவே மூடின. கிள்ளானுக்கு ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். ஸ்டெல்லா மடியில் அட்டைகளை வைத்து நாடாப் பெட்டிக்குள் அடங்கும்படி மடித்தாள். கோணலாக மடித்தாள். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வாங்கி நானே மடித்தேன். இருபத்தெட்டு வருடம் கடிதம் மடித்த கை. ஷா ஆலாம் வருவதற்குள் எழுபது முடித்துவிட்டேன்.

"பெரியப்பா, சூப்பர். ஒங்களுக்கு வேலை குடுக்கலாம்" என்றாள்.

கிள்ளானில் இறங்கியதும் மல்லிகையும் சாம்பிராணியும் பொரித்த வடையும் ஒன்றாக முகத்தில் அடித்தன. தெங்கு கெலானா சாலையில் புடவைக் கடைக்கு ஒரு பாட்டு, பாத்திரக் கடைக்கு ஒரு பாட்டு, பூக்கடைக்கு இன்னொன்று. மூன்றையும் ஒரே நேரத்தில் கேட்டபடி எல்லோரும் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். குணாவின் கடை பக்கத்துச் சந்தில். வெளிநாட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பழைய உடுப்பையும் சப்பாத்தையும் விற்பதை இங்கே பண்டல் கடை என்கிறார்கள். சப்பாத்துகள் கயிற்றுக்குக் கயிறு முடிச்சிட்டு ஜோடி ஜோடியாக வரும். துணை பிரிந்த ஒற்றைகளைக் கூரையில் தொங்கவிட்டிருந்தார். அண்ணாந்து பார்த்தால் வௌவால் கூட்டம்போல இருந்தது.

குணாவுக்கு இப்போது முப்பத்தெட்டு. முன்நெற்றி ஏறியிருந்தது; புஜங்கள் டிரம்ஸ் அடிப்பவரின் புஜங்களாகவே இருந்தன. நான் இருந்தது பின் வரிசை வீடு. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"வாங்க அங்கிள். காலக் காட்டுங்க."

சொல்லச் சொல்லக் கேட்காமல் முன்னால் மண்டியிட்டு, என் கிழிந்த காலணியைக் கழற்றினார். சாம்பல் நிறத்தில் ஒரு ஜோடியை மாட்டி, பெருவிரலை அழுத்திப் பார்த்து, கயிற்றை இழுத்துக் கட்டினார்.

"எழுந்து நடங்க. குதிங்க."

"குதிக்கணுமா?"

"எங்க கடையில குதிக்காம விக்கமாட்டேன்."

குதித்தேன். எழுபத்திரண்டு வயதில், ஒரு சந்தில், நான்கு பேர் பார்க்க. ரப்பர் அடி என்னைத் திருப்பி மேலே தள்ளியது. அந்தச் சந்தோஷத்தை மறைக்க மாட்டேன்.

"அம்பது வெள்ளி. வயசானவங்களுக்கு அஞ்சு கம்மி" என்றார்.

மடித்த அட்டைகளை ஸ்டெல்லா மேசையில் வைத்தாள். அவர் ஒன்றை எடுத்து, முதல் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"பாருங்க அங்கிள். ஆறுமுகம். என் கிட்டார்காரன் ரவியோட அப்பா. எங்க வீட்டுல சாப்பிட்ட மனுசன். கஞ்சான்னு எழுதிட்டாரு."

"அவருக்கு இங்கிலீஷ் எழுதத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"மொத கையெழுத்து அவருதான? எழுதினவன்தான் மொதல்ல போடுவான். எங்கப்பா சாகுற வரைக்கும் அவருகூட பேசல. ரவி கல்யாணத்துக்கு நான் போகல. சுங்கை பூலோலதான் இருக்கான். பத்தொம்பது வருசமாச்சு."

அப்போதே சொல்லியிருக்கவேண்டும். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, வாசலில் போய் நின்றேன்.

பிற்பகல் 3.00. கடையின் மாடி.

நாடா வெளியீட்டு நிகழ்ச்சிக்கு நுழைவு ஐந்து வெள்ளி. சன்னல்களில் மெத்தைகளைச் சாய்த்து அடைத்திருந்தார்கள், சத்தம் வெளியே போகாமலிருக்க. நூறு பேருக்குக் குறையாது. தமிழ், மலாய், சீனம். முன்தினம் பார்த்த சேவல் கொண்டைக்காரரும் வந்து எனக்குக் கையசைத்தார். ஒலிபெருக்கிப் பெட்டிகள் என் உயரம். மைக் பிடித்தவர் வாரநாட்களில் துறைமுகக் கிடங்கில் மூட்டை எண்ணுபவராம். ஒருவர் இரண்டு இசைத்தட்டுகளை விரலால் முன்னும் பின்னும் தேய்த்தார். பின்னால் குணா. கிட்டார் இல்லை.

"கிட்டார் ஏன் இல்லை?" என்று ஸ்டெல்லாவின் காதில் கத்தினேன்.

"குணா அண்ணன் யாரையும் சேத்துக்கமாட்டாரு" என்று திருப்பிக் கத்தினாள்.

பிறகு குணா அடித்தார். அடி காதில் விழவில்லை, நெஞ்சுக்கூட்டில் விழுந்தது. மைக் பிடித்தவர் மூச்சு விடாமல் பேச்சும் பாட்டுமாகக் கொட்டினார்:

"நான் தோல்ல அடிச்சேன், நீ தாள்ல அடிச்ச,
என் அடி தெருவோட நின்னுச்சு, உன் அடி இன்னும் வலிக்குது."

அடி நின்றது. மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார். நூறு பேரும் ஒரே குரலில், "இட் இஸ் ரிலையப்ளி லேர்ன்ட்!"

கூரை அதிர்ந்தது. மறுபடியும் அடி, மறுபடியும் நிறுத்தம், மறுபடியும் என் வாக்கியம். மலாய் இளைஞர்கள் கத்தினார்கள், சீனப் பெண்கள் கத்தினார்கள், ஸ்டெல்லா கையை உயர்த்திக் கத்தினாள். பத்தொன்பது வருடத்துக்கு முன் ஓசைக்காக எழுதியது. அந்த ஓசை முழுவதும் இப்போதுதான் எனக்குக் கேட்டது. அழுதேனா என்று கேட்டால், இல்லை. என் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. வெட்கமாக இருந்தது, நிறுத்த முடியவில்லை.

மாலை 5.15.

கூட்டம் கலைந்தபின் குணா கீழே கடையில் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பால் தேநீரில் ஐஸ் போட்டுக் குடித்தார். எதிரே உட்கார்ந்தேன்.

"குணா, அந்தக் கடிதத்தை ஆறுமுகம் எழுதலை. நான் எழுதினேன்."

சிரித்தார். "அங்கிள், ஜோக்கு நல்லா இருக்கு."

"முதல் பக்கத்தை நீங்க அச்சடிக்கலை. அது என்னான்னு நான் சொல்றேன்."

மனப்பாடமாக இருந்தது. முதல் பத்தி, இரண்டாம் பத்தி, ஆறு மணி, பத்து மணி, கைக்குழந்தை இருக்கும் வீடு, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து மேசை இழுப்பறையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து, பழைய தாளை விரித்து, விரல் வைத்து வரி வரியாகச் சரிபார்த்தார். மூன்றாம் பத்தியில் விரல் நின்றது.

"போதும்" என்றார். பிறகு, "ஏன்?"

"மனு லேசா இருந்துச்சு. அந்த வாக்கியம் நல்லா இருந்துச்சு. வேற காரணம் இல்லை."

தெருவில் ஒருவர் லாட்டரிச் சீட்டு விற்றுக்கொண்டு போனார். குணா விரலைக் கீழே இறக்கி ஐந்தாவது பத்தியை வாசித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. அதான் பாட்டாச்சு" என்றார் கடைசியில். "நான் ஒங்கள மன்னிக்கல, அங்கிள். கேட்டுக்கங்க."

"மன்னிப்பு நான் கேட்கலை."

அசல் தாளை என் பக்கம் திருப்பி, ஒரு பேனாவை அதன்மேல் வைத்தார். "சைன் பண்ணுங்க."

பதினொன்றுக்குக் கீழே இடம் இருந்தது. பெயரும் பதவியும் எழுதினேன். தேதிக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் கேட்டேன், "அன்றைய தேதியா, இன்றைய தேதியா?"

"இன்னைய தேதி போடுங்க. அன்னைக்கி நீங்க இல்லையே."

போட்டேன். அவர் தாளை உறையில் வைத்து, மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார். ஸ்டெல்லா எல்லாவற்றையும் கேட்டபடி வாசலில் நின்றிருந்தாள்.

"சுங்கை பூலோவுக்கா? நானும் வரவா?" என்றேன்.

"வேணாம். நீங்க வந்தா ரவி, வாங்க அங்கிள், உக்காருங்க, தண்ணி குடிங்கன்னு ஆரம்பிச்சிடுவான். வயசானவரு. எனக்கு அது வேணாம்." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு திரும்பினார். "வயசுக்குன்னு கொறச்ச அந்த அஞ்சு வெள்ளிய மேசையில வச்சிட்டுப் போங்க."

வைத்தேன். இந்தப் பயணத்தில் நான் மனதாரச் செலவழித்த பணம் அதுதான்.

செவ்வாய், காலை. சுபாங்.

திங்கள் முழுக்க ஸ்டெல்லா என்னோடு சரியாகப் பேசவில்லை. விமான நிலையத்தில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவள், வரிசையில் நிற்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"புது அட்டை அடிக்கச் சொல்லிட்டாரு. பன்னண்டு கையெழுத்தோட. ஒங்க பேரு நல்லா தெரியற மாதிரி."

"சரி. ரவி?"

"ஒன்னும் சொல்லல பெரியப்பா. நானும் கேக்கல." என் பெட்டியில் பெயர்ச் சீட்டைக் கட்டியபடியே சொன்னாள்: "ஆனா நேத்து போன் பண்ணி, வரும்போது ஒரு கிட்டார் கேபிள் வாங்கிட்டு வான்னாரு."

நாகப்பட்டினம்.

ஊர் வந்து ஐந்து வாரமாகிறது. சாம்பல் சப்பாத்தோடு கடற்கரைச் சாலையில் நடக்கிறேன், பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். இதுவும் துறைமுகம்தான். சிங்கப்பூரிலிருந்து வருபவர் சட்டையும் கைக்கடிகாரமும் கொண்டுவருவார், பாட்டு கொண்டுவருவதில்லை என்று நினைத்திருந்தேன். நான் கேட்டதில்லை, அவ்வளவுதான். மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் பழைய டீசல் பீப்பாய்களைக் கவிழ்த்துப் போட்டு நான்கைந்து இளைஞர்கள் மாலையில் அடிக்கிறார்கள். இப்போது அந்தப் பக்கமாகவே நடக்கிறேன். பீப்பாயில் கை வலிக்காதா என்று ஒருநாள் கேட்டேன். "வலிக்கும் சார், நீங்க அடிச்சுப் பாருங்க" என்றார்கள். அடித்துப் பார்த்தேன். வலித்தது.

போன வாரம் எங்கள் தெருக்காரர்கள் ஆறு பேர் வந்தார்கள். அந்தச் சத்தத்தைப் பற்றி நகராட்சிக்கு ஒரு மனு வேண்டுமாம். இங்கேயும் இங்கிலீஷ் மனு என்றால் என்னிடம்தான் வருகிறார்கள். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று கேட்டு எழுதினேன். மூன்று பத்தி வந்தது. உரக்கத் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

"ரொம்ப லேசா இருக்கே சார்" என்றார் ஒருவர். "அந்தப் பசங்க குடிக்கிறாங்கன்னு ஒரு வரி சேருங்களேன்."

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்கலை. பேசிக்கிறாங்க."

லேசாகவே இருக்கட்டும் என்றேன். அவர்கள் முன்னாலேயே பேனாவைத் திறந்து, முதல் கையெழுத்தை நான் போட்டேன்.